விளையாட்டு மருத்துவத்தில் எலும்பு வருடல்

எலும்பு வருடல் என்பது சிறிதளவு கதிரியக்கப் பொருளைச் சிரை வழியே உடலினுள் செலுத்தி, அப்பொருள் எலும்புகளில் எங்கெங்கு எவ்வளவு சேர்கிறது என்பதைக் காமாக் கதிர்களின் உதவியுடன் படமாக்கும் அணுக்கரு மருத்துவ முறை ஆகும். புற்றுநோய் எலும்புகளுக்குப் பரவியுள்ளதா என அறிவதற்கே இம்முறை பெரிதும் பயன்படுகிறது. எனினும் ஓட்டக்காரர்கள், வேகப்பந்து வீச்சாளர்கள், நடனக் கலைஞர்கள், படைவீரர்கள் போன்றோருக்கு ஏற்படும் எலும்பு வலியின் காரணத்தைக் கண்டறிவதிலும் இதற்கு நெடுங்காலமாக இடம் உண்டு. எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படமெடுப்பு பரவலான பின்னர் விளையாட்டு மருத்துவத்தில் எலும்பு வருடலின் பயன்பாடு குறைந்தது. ஆனால் அணுக்கருப் படத்தையும் சி.டி. படத்தையும் ஒரே இயந்திரத்தில் எடுத்து ஒன்றன்மீது ஒன்று பொருத்தும் கலப்புப் படமெடுப்பு வந்த பிறகு, குறிப்பாகப் பாதம், முதுகெலும்பு ஆகியவற்றின் சிக்கல்களில், அது மீண்டும் கவனம் பெற்றுள்ளது.

தகைவு முறிவு

ஒரே அடியில் எலும்பு முறிவது வேறு. தாங்கக்கூடிய சிறு சுமை பல்லாயிரம் முறை திரும்பத் திரும்ப விழுவதால் எலும்பில் விரிசல் தோன்றுவது வேறு. பின்னது தகைவு முறிவு எனப்படும். செய்தித்தாள்களின் விளையாட்டுப் பக்கங்களில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்று எழுதப்படுவது இதுவே. ஒரு கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்தால் அது ஒடிவதை இதற்கு உவமையாகச் சொல்வர். ஆனால் இவ்வுவமை பாதித் தொலைவே செல்லும். கம்பி தன்னைத் தானே பழுதுபார்த்துக் கொள்வதில்லை; எலும்பு பழுதுபார்த்துக் கொள்கிறது.

இப்பழுதுபார்ப்பில்தான் சிக்கல் உள்ளது. நுண்விரிசல் தோன்றிய இடத்தில் முதலில் எலும்பை அரிக்கும் உயிரணுக்கள் வந்து பழைய எலும்பை அகற்றுகின்றன. இதற்குச் சில வாரங்கள் ஆகும். அதன் பிறகே எலும்பாக்கும் உயிரணுக்கள் புதிய எலும்பை இடுகின்றன. அது முழு வலிமை பெறச் சில மாதங்கள் தேவை. இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்பைவிட வலுக்குறைந்து நிற்கிறது. பயிற்சியின் அளவைத் திடீரெனக் கூட்டிய சில வாரங்களில் தகைவு முறிவு தோன்றுவதற்கு இதுவே காரணம். உண்ணும் உணவின் ஆற்றல் பயிற்சிக்குப் போதாத நிலையில் இருப்போருக்கு, குறிப்பாக மாதவிடாய் நின்றுபோன இளம் வீராங்கனைகளுக்கு, இந்த ஆபத்து மிகுதி.

இந்நிலையை முதலில் விவரித்தவர் பிரைட்ஹாப்ட் என்னும் பிரசியப் படை மருத்துவர். நெடுந்தொலைவு அணிநடை சென்ற படைவீரர்களின் பாதங்கள் வலியுடன் வீங்குவதை அவர் 1855 ஆம் ஆண்டில் பதிவு செய்தார். எக்ஸ்-கதிர் 1895 இல் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர், 1897 இல் ஸ்டெகோவ் என்பவர் அவ்வீக்கத்தின் அடியில் எலும்பு முறிவு இருப்பதைக் காட்டினார். அணிநடை முறிவு என்ற பெயர் அதனால் வந்ததே.

எக்ஸ்-கதிர்ப் படத்தின் குறை என்னவெனில், வலி தொடங்கிய முதல் இரண்டு மூன்று வாரங்களில் அதில் பெரும்பாலும் எதுவும் தெரிவதில்லை. விரிசல் மயிரிழையினும் மெல்லியது; புதிய எலும்பு சற்றுத் திரண்ட பிறகே நிழல் விழும். சிலருக்கு இறுதிவரை தெரிவதே இல்லை. இதனால் படம் சரியாக இருக்கிறது என்று கூறப்பட்டு மீண்டும் ஓடச் செல்பவருக்கு, விரிசல் முழு முறிவாக மாறக்கூடும்.

அடிப்படைக் கொள்கை

எலும்பு வருடல் முறிவைக் காட்டுவதில்லை. முறிவுக்கு உடல் காட்டும் எதிர்வினையையே அது காட்டுகிறது. இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்ளாவிடில் இம்முறையின் வலிமையும் குறையும் விளங்கா.

எலும்பு ஓர் உயிருள்ள, இடைவிடாது மாறிக்கொண்டிருக்கும் பொருள் என்ற கருத்தே கதிரியக்கச் சுவடறிதலின் மூலம் உறுதிப்பட்டதுதான். ஹங்கேரியில் பிறந்த வேதியியலாளர் ஜார்ஜ் டி ஹெவெசி, கோபன்ஹேகனில் சீவிட்ஸ் என்பவருடன் சேர்ந்து, கதிரியக்கப் பாஸ்பரசு-32 ஐ எலிகளுக்கு உணவில் கொடுத்து அது எங்கே செல்கிறது என்று பின்தொடர்ந்தார். 1935 இல் வெளியான அவ்வாய்வு, எலும்பிலுள்ள பாஸ்பரசு அணுக்கள் தொடர்ந்து வெளியேறிப் புதியவை வந்து சேர்வதைக் காட்டியது. சுவடறி முறைக்காக ஹெவெசிக்கு 1943 ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இன்று இதற்குப் பயன்படும் பொருள் மெத்திலீன் டைபாஸ்பொனேட்டு என்னும் சேர்மத்துடன் டெக்னீசியம்-99எம் என்னும் கதிரியக்க ஓரிடத்தானை இணைத்துப் பெறப்படுவது. இச்சேர்மம் எலும்பின் கனிமப் படிகங்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் தன்மையுடையது. புதிதாக எலும்பு உருவாகும் இடத்தில் இத்தகைய மேற்பரப்பு மிகுதி. அங்கே குருதி ஓட்டமும் மிகுதி. ஆகவே அங்கு மருந்து கூடுதலாகச் சேர்ந்து படத்தில் கருமையான புள்ளியாகத் தெரிகிறது. மருத்துவர்கள் இதனை ஹாட் ஸ்பாட் என்பர். அங்கே வெப்பம் எதுவும் கிடையாது. செலுத்திய மருந்தில் ஏறத்தாழப் பாதி எலும்புகளில் தங்க, எஞ்சியது சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது.

டெக்னீசியத்துக்கு முன்பு ஸ்ட்ரான்சியம்-85 பயன்பட்டது. அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 65 நாட்கள் என்பதால் ஏற்கெனவே புற்றுநோய் உறுதிப்பட்டவர்களுக்கே அதைக் கொடுக்க இயன்றது. கால் வலிக்கும் ஓர் இளைஞருக்குக் கொடுப்பது நினைத்துப் பார்க்க முடியாதது. 1971 ஆம் ஆண்டில் கோபால் சுப்பிரமணியன், ஜான் மெக்காஃபி ஆகியோர் டெக்னீசியத்தைப் பாஸ்பேட்டுச் சேர்மத்துடன் இணைக்கும் முறையை வெளியிட்டனர். 1975 இல் சுப்பிரமணியனும் உடன் ஆய்வாளர்களும் மெத்திலீன் டைபாஸ்பொனேட்டை அறிமுகப்படுத்தினர். விளையாட்டு வீரர்களுக்கு எலும்பு வருடல் செய்வது இதன் பிறகே நடைமுறைக்கு உகந்ததாயிற்று.

டெக்னீசியமும் அதன் வழங்கலும்

டெக்னீசியம் 43 ஆவது தனிமம். பெர்க்லியின் சைக்கிளோட்ரானில் கதிர்வீச்சுக்குள்ளான மாலிப்டினத் தகட்டிலிருந்து இத்தாலியின் பலெர்மோ நகரில் கார்லோ பெரியே, எமிலியோ செக்ரே ஆகியோர் 1937 இல் இதனைப் பிரித்தெடுத்தனர். செயற்கையானது என்ற பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. மறு ஆண்டில் செக்ரேயும் கிளென் சீபோர்க்கும் டெக்னீசியம்-99எம் என்னும் வடிவத்தைக் கண்டனர்.

இதன் அரைவாழ்வுக் காலம் 6 மணி நேரம். மருந்தைத் தயாரித்து, செலுத்தி, படமெடுக்க அது போதும். மறுநாள் உடலில் மிகக் குறைவே எஞ்சும். இது உமிழும் காமாக் கதிரின் ஆற்றல் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டு. உடலைக் கடந்து வெளிவரப் போதுமானது, கருவியின் படிகத்தில் பிடிபடவும் ஏற்றது. ஆனால் 6 மணி நேரத்தில் பாதியாகும் பொருளை எவ்வாறு கடல் கடந்து அனுப்புவது? இதற்கு விடை, அதன் தாய்த் தனிமமான மாலிப்டினம்-99 ஐ அனுப்புவதாகும். அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 66 மணி நேரம். மாலிப்டினம் அடைத்த சிறு குழாயில் உப்புநீரைச் செலுத்தினால், அதுவரை உருவான டெக்னீசியம் மட்டும் கரைந்து வெளிவரும். அடுத்த நாள் மீண்டும் ஊறியிருக்கும். அமெரிக்காவின் புரூக்கேவன் ஆய்வகத்தில் 1950களின் இறுதியில் உருவான இக்கருவியை அணுக்கரு மருத்துவத் துறையினர் பசு என்றும், டெக்னீசியம் எடுப்பதைப் பால் கறத்தல் என்றும் விளையாட்டாகக் குறிப்பிடுவதுண்டு.

பசு நெடுந்தொலைவு செல்லும் என்றாலும் அதை உருவாக்கும் தொழுவங்கள் உலகில் மிகச் சிலவே. மாலிப்டினம்-99 பெரும்பாலும் ஆய்வு அணு உலைகளில் யுரேனியத்தைப் பிளந்து பெறப்படுகிறது. 2009 மே மாதத்தில் கனடாவின் சாக் ரிவர் நகரிலுள்ள உலை கனநீர்க் கசிவினால் மூடப்பட்டது. அது 2010 ஆகத்து மாதம்வரை திறக்கப்படவில்லை. அதே காலத்தில் நெதர்லாந்தின் பெட்டன் உலையும் பழுதுபார்ப்புக்காக நிறுத்தப்பட்டதால், உலகெங்கும் வருடல்கள் தள்ளிப்போடப்பட்டன. கனடிய உலை 2016 இல் மாலிப்டினம் ஆக்குவதை நிறுத்தி, 2018 மார்ச் மாதத்தில் நிரந்தரமாக மூடப்பட்டது. அரை நூற்றாண்டு பழைமையான ஒரு சில உலைகளை நம்பி ஒரு மருத்துவத் துறையே நின்றிருந்தது என்பதை அந்நெருக்கடி வெளிப்படுத்தியது.

படமெடுக்கும் முறை

கதிர்களைப் பதிவு செய்யும் காமாப் படக்கருவியை ஹால் ஆங்கர் என்பவர் 1950களின் பிற்பகுதியில் பெர்க்லியில் உருவாக்கினார். துளைகள் கொண்ட ஈயத் தட்டு ஒன்று நேராக வரும் கதிர்களை மட்டும் உள்ளே விடும். அவை சோடியம் அயோடைடுப் படிகத்தில் பட்டு ஒளிப்பொறிகளை உண்டாக்கும். அப்பொறிகளின் இடத்தைக் கணக்கிட்டு படம் உருவாக்கப்படுகிறது.

விளையாட்டுக் காயங்களுக்கு மூன்று கட்ட வருடல் செய்வது வழக்கம். மருந்து செலுத்தியவுடன் முதல் ஒரு நிமிடத்தில் குருதி பாய்வது படமாக்கப்படுகிறது. அடுத்த சில நிமிடங்களில் மென்திசுக்களில் குருதி தேங்குவது பதிவாகிறது. பின்னர் நோயாளி எழுந்து சென்று, நன்றாக நீர் அருந்தி, சிறுநீர் கழித்துவிட்டு 2 முதல் 4 மணி நேரம் கழித்துத் திரும்பி வர வேண்டும். அப்போது எடுக்கப்படும் மூன்றாம் கட்டப் படமே எலும்பைக் காட்டுவது. முதல் இரு கட்டங்கள் காயம் புதியதா பழையதா, எலும்பிலா தசையிலா என்பதைப் பிரித்தறிய உதவுகின்றன.

கணைக்கால் வலி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஓட்டக்காரர்களுக்குக் கணைக்கால் உள்ளெலும்பின் உட்புற விளிம்பில் வரும் வலி, எலும்புறையின் எரிச்சலால் வரும் ஷின் ஸ்பிலிண்ட்ஸ் ஆகவும் இருக்கலாம், தகைவு முறிவாகவும் இருக்கலாம். முன்னதில் முதல் இரு கட்டங்கள் இயல்பாக இருந்து, மூன்றாம் கட்டத்தில் எலும்பின் பின்புற விளிம்பு நெடுகிலும் மெல்லிய கோடுபோல் மருந்து படிந்திருக்கும். பின்னதில் மூன்று கட்டங்களிலும் ஓரிடத்தில் குவிந்த, இரு முனையும் குறுகிய கதிர்க்கோல் வடிவப் புள்ளி தெரியும். முதலாமவர் பயிற்சியைக் குறைத்தால் போதும். இரண்டாமவர் ஓடுவதையே நிறுத்த வேண்டும்.

கலப்புப் படமெடுப்பு

தட்டையான எலும்பு வருடலில் பிரித்தறியும் திறன் குறைவு. ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ள இரு புள்ளிகள் ஒன்றாகக் கலந்துவிடும். தொடையெலும்பில் இது பெருங்குறை அன்று. 26 எலும்புகள் நெருங்கி அமைந்த பாதத்திலோ, அடுக்கடுக்கான மூட்டுகள் கொண்ட முதுகெலும்பிலோ எந்த எலும்பு என்று சொல்ல இயலாமற் போகும்.

படக்கருவியை உடலைச் சுற்றிச் சுழற்றி முப்பரிமாணப் படம் பெறும் ஸ்பெக்ட் முறை இதில் ஒரு படி முன்னேற்றம். அதனுடன் சி.டி. கருவியை இணைக்கும் முயற்சியை 1990களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் ஹசெகாவா மேற்கொண்டார். அப்பத்தாண்டின் இறுதியில் இத்தகைய கருவிகள் விற்பனைக்கு வந்தன. பெட் என்னும் மற்றோர் அணுக்கரு முறையையும் சி.டி.யையும் இணைத்த முதல் மாதிரிக் கருவியை டேவிட் டவுன்சென்ட், ரொனால்ட் நட் ஆகியோர் உருவாக்க, அது 1998 இல் பிட்ஸ்பர்க்கில் இயங்கத் தொடங்கியது.

இதில் நோயாளி ஒரே படுக்கையில் அசையாமல் இருக்க, இரு படங்களும் அடுத்தடுத்து எடுக்கப்படுகின்றன. இரண்டையும் பின்னர் மென்பொருளால் பொருத்துவதைவிட இது துல்லியமானது. சி.டி. படம் இன்னொரு வகையிலும் பயன்படுகிறது. உடலின் ஆழத்திலிருந்து வரும் காமாக் கதிர்களில் ஒரு பகுதி வழியிலேயே உறிஞ்சப்படுகிறது. எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்பதைச் சி.டி. தரும் அடர்த்தி அளவுகளைக் கொண்டு கணக்கிட்டுத் திருத்தலாம்.

வேகப்பந்து வீச்சாளரின் முதுகு

கலப்பு முறையின் பயன் எங்கே உள்ளது என்பதை முதுகு வலி தெளிவாகக் காட்டும். வேகப்பந்து வீச்சாளர் பந்தை விடும் வேளையில் முதுகெலும்பு ஒருசேரப் பின்வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கிக்கொள்கிறது. முன்கால் தரையில் ஊன்றும் அதிர்ச்சியும் அப்போதே மேலேறுகிறது. இச்சுமை முழுவதும் கீழ் இடுப்பு முள்ளெலும்புகளின் பின்புறமுள்ள, மேல் கீழ் மூட்டுகளை இணைக்கும் குறுகலான எலும்புப் பாலத்தில் குவிகிறது. பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்திலேயே விரிசல் பெரும்பாலும் தோன்றும். வலக்கை வீச்சாளருக்கு இடப்பக்கம். ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி 1973 இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஆடியபோது முதுகில் இத்தகைய முறிவுகளுக்கு ஆளாகி, நீண்ட ஓய்வுக்கும் பயிற்சிக்கும் பிறகு 1974-75 பருவத்தில் தேர்வுப் போட்டிகளுக்குத் திரும்பினார். இந்தியாவின் ஜஸ்பிரித் பும்ராவுக்கு 2019 இல் கீழ்முதுகில் தகைவு முறிவு கண்டறியப்பட்டது.

எலும்புப் பாலத்தில் பிளவு இருப்பது மட்டும் வலிக்குச் சான்றாகாது. வயது வந்தோரில் ஏறத்தாழ 6 விழுக்காட்டினருக்கு இப்பிளவு உண்டு. அவர்களில் பலருக்கு வாழ்நாளில் அதனால் எந்தத் தொல்லையும் இல்லை. ஆகவே 19 வயது வீச்சாளர் ஒருவரின் சி.டி. படத்தில் பிளவு தெரிந்தால், அது சிறு வயதிலேயே ஏற்பட்டு அடங்கிப்போன பழைய பிளவா, இப்போது உருவாகிக்கொண்டிருக்கும் முறிவா என்ற கேள்வி எழுகிறது. ஸ்பெக்ட் படத்தில் அவ்விடம் செறிந்து தெரிந்தால் எலும்பு இன்னும் போராடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். செறிவின்றி இருந்தால் வலியின் காரணத்தை வட்டிலிலோ சிறு மூட்டுகளிலோ தேட வேண்டும். மாறாக, செறிவு இருந்தும் சி.டி.யில் பிளவு தெரியவில்லையெனில் அது முறிவுக்கு முந்தைய நிலை. அப்போதே பந்து வீசுவதை நிறுத்தினால் எலும்பு முழுமையாக ஒட்டும் வாய்ப்பு மிகுதி. பிளவின் விளிம்புகள் தடித்து மழுங்கிய பிறகு அவ்வாய்ப்பு குறைந்துவிடும்.

தவறவிடக் கூடாத இடங்கள்

எல்லாத் தகைவு முறிவுகளும் ஒரே தரத்தன அல்ல. பாதத்தின் நடுவிலுள்ள நீண்ட எலும்புகளில் வருபவை ஓய்வில் ஆறிவிடும். தொடையெலும்பின் கழுத்தில் மேற்புறத்தில் வரும் விரிசல் அவ்வாறன்று. அங்கே எலும்பு இழுவிசைக்கு உட்படுவதால் விரிசல் திறந்துகொண்டே போகும். முறிந்து விலகினால் தொடையெலும்பின் தலைக்குச் செல்லும் குருதி தடைப்பட்டு அது மடிந்துபோகலாம். இருபது வயதில் செயற்கை இடுப்பு மூட்டு பொருத்தும் நிலை இதனால் வரக்கூடும்.

படகு வடிவம் கொண்டதால் நாவிகுலர் எனப் பெயர் பெற்ற, பாத வளைவின் உச்சியிலுள்ள சிற்றெலும்பும் இத்தகையதே. அதன் நடுப்பகுதிக்குக் குருதி வழங்கல் குறைவு. குறுந்தொலைவு ஓட்டக்காரர்கள், தாண்டுபவர்கள், கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் ஆகியோரிடம் இது காணப்படுகிறது. பாதத்தின் மேற்புறத்தில் வரும் தெளிவற்ற வலியே இதன் அறிகுறி என்பதால் மாதக்கணக்கில் கண்டறியப்படாமல் போவதுண்டு. சீனக் கூடைப்பந்து வீரர் யாவ் மிங்குக்கு 2008 இல் இடப்பாதத்தில் தகைவு முறிவு ஏற்பட்டது. அடுத்த ஆண்டு அப்பாதத்தில் மீண்டும் முறிவு கண்டது. 2011 இல் அவர் ஓய்வு பெற்றார். எலும்பு வருடலில் இவ்வெலும்பு செறிந்து தெரிந்தால், முறிவு எவ்வளவு தூரம் ஓடியுள்ளது என்பதைச் சி.டி.யைக் கொண்டே அறிய வேண்டும். கலப்புக் கருவியில் இவ்விரண்டும் ஒரே அமர்வில் முடிகின்றன.

பாலே நடனக் கலைஞர்களுக்குக் குதிகால் மேலே வரும் வலி, கணுக்காலின் பின்னுள்ள கூடுதல் சிற்றெலும்பு நசுங்குவதால் ஏற்படலாம். அக்கூடுதல் எலும்பு பலருக்குப் பிறவியிலேயே உண்டு. இங்கும் கேள்வி அது இருக்கிறதா என்பதன்று, அது வினைபுரிகிறதா என்பதே.

தவறான வாசிப்புகள்

கதிரியக்க மருந்து எலும்பு வளரும் எல்லா இடங்களிலும் சேரும். பதின்ம வயதினரின் முழங்கால், கணுக்கால் அருகிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் இயல்பாகவே பளிச்செனத் தெரியும். அவற்றின் அருகேயுள்ள சிறு முறிவு அதில் மறைந்துவிடலாம். கடும் பயிற்சியில் உள்ளவர்களின் படங்களில் வலியே இல்லாத இடங்களிலும் மங்கலான செறிவுகள் தெரிவது வழக்கம். அவை சுமைக்கேற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்வதன் அடையாளங்கள். படத்தை மட்டும் பார்த்து, வலிக்கும் இடத்தைக் கையால் தொட்டுப் பார்க்காமல் முடிவு செய்தால் ஆரோக்கியமான வீரர் வீணாக வீட்டில் உட்கார நேரும்.

இதற்கு எதிர்த்திசையிலான தவறு மேலும் கொடியது. எலும்புப் புற்றுநோயான ஆஸ்டியோசார்கோமா பதின்ம வயதினரின் முழங்காலைச் சுற்றியே மிகுதியாகத் தோன்றுகிறது. அதன் முதல் அறிகுறி பெரும்பாலும் விளையாட்டுக் காயம் என்றே கொள்ளப்படும் வலி. எலும்பு வருடலில் புற்றுக்கட்டியும் செறிந்தே தெரியும். ஓய்விலும் இரவிலும் தொடரும் வலியைத் தகைவு முறிவு என்று ஒதுக்கிவிடாமல், சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. மூலம் அவ்விடத்தின் அமைப்பைப் பார்ப்பது கட்டாயம். இரவில் வலித்து ஆஸ்பிரின் வகை மருந்துக்கு உடனே அடங்கும் ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்னும் தீங்கற்ற சிறு கட்டியும் இவ்வாறே தகைவு முறிவாகத் தோற்றம் தரும்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. முறிவு ஆறி வலி நின்ற பின்னரும் எலும்பு பல மாதங்கள் தன்னைச் செப்பனிட்டுக்கொண்டே இருப்பதால் வருடல் இயல்பு நிலைக்குத் திரும்ப நீண்ட காலமாகும். வீரர் எப்போது களத்துக்குத் திரும்பலாம் என்பதை இப்படத்தைக் கொண்டு முடிவு செய்வது சரியன்று.

எம்.ஆர்.ஐ. உடன் ஒப்பீடு

வலி தொடங்கிய ஓரிரு நாட்களிலேயே எலும்பு வருடல் மாற்றத்தைக் காட்டிவிடும்; இத்திறனில் எம்.ஆர்.ஐ.யும் அதற்கு இணையானது. ஆனால் எம்.ஆர்.ஐ. எலும்பு மச்சையின் வீக்கம், விரிசல், அருகிலுள்ள தசைநார் ஆகிய அனைத்தையும் ஒரே படத்தில் வேறுபடுத்திக் காட்டுகிறது. கதிர்வீச்சும் இல்லை. 1995 இல் மைக்கேல் ஃபிரெடரிக்சனும் உடன் ஆய்வாளர்களும் ஓட்டக்காரர்களின் கணைக்கால் காயங்களை எம்.ஆர்.ஐ. மூலம் தரம் பிரித்து வெளியிட்ட பிறகு, தகைவு முறிவு ஐயத்துக்கு முதலில் எம்.ஆர்.ஐ. எடுப்பதே பரவலான வழக்கமாயிற்று.

எலும்பு வருடலின் கதிர்வீச்சு அளவு வயது வந்தவருக்கு ஏறத்தாழ 4 மில்லிசீவர்ட்டு. இயற்கையிலிருந்து ஒருவர் ஓராண்டில் பெறும் உலகச் சராசரி அளவு 2.4 மில்லிசீவர்ட்டு. சி.டி. சேரும்போது அது எடுக்கப்படும் உறுப்பைப் பொறுத்து இவ்வளவு கூடும். பாதத்தில் கூடுவது சொற்பம், இடுப்பில் அவ்வாறன்று. ஒருமுறை எடுப்பதால் வரும் ஆபத்து மிகச் சிறியதே. ஆயினும் வளரும் வயதினருக்கு, ஒரே பருவத்தில் மீண்டும் மீண்டும் எடுப்பதைத் தவிர்ப்பதே முறை. கருவுற்ற பெண்களுக்கு இது செய்யப்படுவதில்லை.

எம்.ஆர்.ஐ. விடை தராத இடங்களிலேயே கலப்பு முறைக்கு இன்று முதன்மையான இடம் உள்ளது. உலோகத் திருகுகள் பொருத்தப்பட்ட முழங்காலில் எம்.ஆர்.ஐ. படம் சிதையும். பாதத்தில் ஒரே வேளையில் நான்கைந்து மூட்டுகளில் தேய்மானம் தெரியும்போது, அவற்றுள் வலிக்குக் காரணமான மூட்டு எது என்று அறிந்த பிறகே ஊசி போடவோ அறுவை செய்யவோ இயலும். இதயத்துக்குள் மின்முடுக்கி வைத்திருப்போர் சிலருக்கும், குறுகிய குழாய்க்குள் படுக்க அஞ்சுவோருக்கும் இது மாற்று வழி.

பெட் முறையும் மூளைக் காயமும்

புளோரின்-18 சேர்ந்த சோடியம் புளோரைடும் எலும்பில் படியும். 1962 இலேயே இது அறிமுகமானது. பெட்-சி.டி. கருவிகள் பரவிய பின்பும், டெக்னீசியத் தட்டுப்பாட்டின் போதும் இது மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. படம் கூர்மையானது, காத்திருக்கும் நேரமும் குறைவு, செலவு மிகுதி.

விளையாட்டுடன் தொடர்புடைய மற்றொரு பெட் ஆய்வு மூளையைப் பற்றியது. அமெரிக்கக் கால்பந்து, குத்துச்சண்டை ஆகியவற்றில் தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டோரின் மூளையில் டௌ என்னும் புரதம் படிந்து ஏற்படும் நாட்பட்ட சிதைவு நோயை, இறந்த பின் மூளையை ஆய்ந்தே இன்றுவரை உறுதிப்படுத்த முடிகிறது. 2019 இல் வெளியான ஓர் ஆய்வில், நினைவு, மனநிலைக் குறைபாடுகள் கொண்ட 26 முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்கும், அறிகுறிகளற்ற 31 பேருக்கும் டௌ புரதத்தில் ஒட்டும் கதிரியக்க மருந்து செலுத்தப்பட்டுப் படங்கள் ஒப்பிடப்பட்டன. வீரர்களின் மூளையில் சில பகுதிகளில் செறிவு சராசரியாகக் கூடுதலாக இருந்தது. தனி ஒருவருக்கு நோய் உண்டா இல்லையா என்று சொல்லும் அளவுக்கு அவ்வேறுபாடு போதவில்லை.